மேசைக் கணினியில் சர்வர் ரெய்டு கார்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

காணொளித் தொகுப்புக்கும் பழைய ஒலிநாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றுவதற்கும் பயன்பட்டுவந்த ஒரு மேசைப் பணிநிலையக் கணினியில், வன்பொருள் ரெய்டு கார்டு (பல வன்தட்டுகளை ஒரே அணியாக்கி, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் கார்டு) ஒன்றையும் ஆறு வன்தட்டுகளையும் பொருத்தி, அதை நம்பி அன்றாட வேலையை ஒப்படைக்க எனக்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆயின. கார்டை ஸ்லாட்டில் செருகித் திருகாணியை முடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மீதிக் காலம் முழுவதும், அந்தக் கார்டு தன்னைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிற வசதிகளை, அவை எவையும் இல்லாத ஒரு மேசைக் கணினிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக உருவாக்கித் தருவதில் கழிந்தது. இடைவிடாத காற்றோட்டம், மின்சாரம் போனாலும் அழியாத கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேக நினைவகம்), படிக்க முடியாத இடம் வந்தால் விரைவில் பிழையை ஒப்புக்கொள்ளும் வன்தட்டு ஆகியவை சர்வரில் யாரும் கேட்காமலே கிடைப்பவை. மேசைக் கணினியில் அவற்றை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதைக் கார்டின் கையேடு ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த வரிகளின் முழுப்பொருளும் பொருத்திய பிறகே எனக்குப் புரிந்தது.

ஏன் வன்பொருள் ரெய்டு

அந்தக் கணினியில் முன்பே நான்கு 4 டெராபைட் வன்தட்டுகள், மதர்போர்டின் சிப்செட் தரும் ரெய்டு 5 அமைப்பில் இயங்கின. பெயருக்கு அது ரெய்டு என்றாலும், பாரிட்டிக் கணக்கு (தொலைந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலைக் கணக்கிடுவது) முழுவதையும் செய்வது கணினியின் செயலியும் டிரைவர் மென்பொருளும்தான். மின்சாரம் திடீரென நின்று கணினி அணையும் ஒவ்வொரு முறையும், எந்தப் பட்டையில் (எல்லா வட்டுகளிலும் பரவிய தரவு வரிசையில்) எழுதுவது பாதியில் நின்றது என்று அறிய வழியில்லாமல், அது 12 டெராபைட் பரப்பையும் முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கும். அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும், தொகுப்பு வேலையைத் தொட முடியாது.

கணினியில் ஒரே இயங்குதளம் மட்டும் இருந்திருந்தால் நான் வன்பொருள் கார்டை நாடியிருக்கமாட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு பல்லாண்டுகளாகப் பண்பட்டது. இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகையை வைத்து, சத்தமில்லாமல் நேரும் சிதைவையும் கண்டுபிடிக்கும். பொதுவான வன்பொருள் கார்டு எதுவும் சாதாரண வன்தட்டுகளில் அந்தக் காவலைத் தருவதில்லை. ஆனால் இந்தக் கணினியில் தொகுப்பு வேலை விண்டோஸிலும், ஒலி மாற்றமும் காப்பக ஒழுங்கும் லினக்ஸிலும் நடக்கின்றன. இரண்டிலும் அதே தொகுதியை (சேமிப்பிடத்தை) திறந்து எழுத வேண்டும். கார்டு ஆறு வன்தட்டுகளையும் தனக்குள் மறைத்துக்கொண்டு, எந்த இயங்குதளத்துக்கும் ஒரே பெரிய வட்டாகக் காட்டும் என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. 2021-இல் வெளியான லினக்ஸ் 5.15 கர்னலுடன், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் வல்ல புதிய டிரைவர் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதால் கோப்பு முறைமைச் சிக்கலும் குறைந்தது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அது தொகுதியைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டுச்செல்லும், அதன் மேல் லினக்ஸ் எழுதுவது ஆபத்து.

தேர்ந்தெடுத்தவை

சர்வரிலிருந்து கழற்றிய, பயன்படுத்தப்பட்ட எட்டு இணைப்புக் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 1 ஜிபி கேஷ், வினாடிக்கு 12 ஜிகாபிட் சாஸ் (சர்வர் வன்தட்டு) இணைப்பு, மதர்போர்டுடன் தரவைப் பரிமாறும் எட்டுத் தடப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 விளிம்பு, மின்தடை நேர்ந்தால் கேஷில் இருப்பதை ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றும்வரை மின்சாரம் தரும் சூப்பர் கெபாசிட்டர் ஆகியவை அதில் இருந்தன. பழைய கார்டுகளில் இந்த வேலையை லித்தியம் மின்கலம் செய்தது. மின்கலம் நாளடைவில் தளர்வதோடு, தன் கொள்ளளவை அளக்க அவ்வப்போது தன்னைத்தானே வடித்து நிரப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் கார்டு கேஷைப் பயன்படுத்தாமல் மந்தமாகிவிடும். அதனால் கெபாசிட்டர் உள்ள கார்டே வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

வன்தட்டுகள் ஆறு. நான்கு புதியவை, ரெய்டு பயன்பாட்டுக்கென்று விற்கப்படுபவை. பழைய அணியிலிருந்து நிலை நன்றாக இருந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். அந்த இரண்டும் சாதாரண மேசைக் கணினி வகை. சிக்கனம் கருதி எடுத்த அந்த முடிவு பின்னால் என்ன செய்தது என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும் ரெய்டு 5-ஆ, இரண்டின் இழப்பைத் தாங்கும் 6-ஆ என்பதில் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. சாதாரண வன்தட்டுகளின் விவரக்குறிப்பில், படிக்க முடியாத பிழை 10-இன் 14-ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான பிட்டுகளுக்கு ஒன்றுக்கு மேல் நேராது என்று குறித்திருப்பார்கள். அது ஏறத்தாழ 12.5 டெராபைட். ஆறு வட்டு ரெய்டு 5 அணியில் ஒன்று பழுதானால், மறுகட்டமைப்புக்கு மீதி ஐந்திலிருந்தும் 20 டெராபைட் படிக்க வேண்டும். விவரக்குறிப்பின் எண் ஒரு மேல் வரம்புதான், நடைமுறையில் வட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆயினும் மாற்று வட்டு கட்டமைக்கப்படும் நேரத்தில் இரண்டாவது பாரிட்டி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று கருதி ரெய்டு 6 அமைத்தேன். கிடைத்த இடம் 16 டெராபைட். விண்டோஸ் இரும எண்ணிக்கையில் அதை 14.55 என்று காட்டியது.

ஸ்லாட்டும் தடங்களும்

மதர்போர்டில் நீளமான ஸ்லாட்டுகள் மூன்று. மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு. முதலிரண்டும் செயலியின் 16 தடங்களைப் பகிர்ந்துகொள்பவை; இரண்டாவதில் கார்டைச் செருகினால் கிராபிக்ஸ் கார்டு எட்டுத் தடத்துக்கு இறங்கும். மூன்றாவதில் உண்மையில் நான்கு தடங்களே உள்ளன, அவையும் சிப்செட் வழியாகச் செல்கின்றன. எட்டுத் தடக் கார்டுக்கு நான்கு தடம் தருவது குறை என்று எண்ணி, முதலில் இரண்டாவது ஸ்லாட்டையே தேர்ந்தெடுத்தேன். கணக்கிட்டுப் பார்த்திருந்தால் அந்தத் தயக்கம் தேவையற்றது என்று அப்போதே தெரிந்திருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தடம் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 985 எம்பி கடத்தும். நான்கு தடத்துக்கு 3.9 ஜிபி. ஆறு வன்தட்டுகளும் தங்கள் வெளிவட்டத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் 1.2 ஜிபியைத் தாண்டுவது அரிது. எஸ்எஸ்டிகளை இணைப்பதாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.

திரை ஒளிரவில்லை

கார்டைச் செருகி மின்விசையை அழுத்தியபோது விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே இருந்தது. கார்டை எடுத்தால் கணினி வழக்கம்போல் தொடங்கியது. கார்டு பழுது என்று முடிவுகட்டத் தோன்றினாலும், அதே கார்டு வேறொரு கணினியில் தடையின்றி அடையாளம் காணப்பட்டது.

காரணம் எஸ்எம்பஸ் எனப்படும் மேலாண்மை இணைப்பில் இருந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், தரவுத் தடங்களைத் தவிர, இரண்டு கம்பிகள் கொண்ட மெதுவான ஒரு பொதுவழியும் உண்டு. சர்வரில் கார்டின் வெப்பம், நிலை ஆகியவற்றை மேலாண்மைச் சிப் கேட்டறிவது அதன் வழியாகத்தான். சில மேசைக் கணினி மதர்போர்டுகளில், நினைவகப் பலகைகளின் விவரத்தைப் படிப்பதும் அதே வழியில் நடக்கிறது. அங்கே கார்டு குறுக்கிட்டுப் பேசினால் நினைவகம் அடையாளம் காணப்படாமல் தொடக்கமே நின்றுவிடும். இதற்கான தீர்வு மிக எளியது. கார்டின் சிப்புகள் உள்ள பக்கத்தில், உலோகத் தகட்டின் முனையிலிருந்து எண்ணினால் வரும் ஐந்தாவது, ஆறாவது தொடுமுனைகளான பி5, பி6 ஆகியவற்றின் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய மின்காப்பு நாடாவை ஒட்டினேன். கணினி முதல் முயற்சியிலேயே தொடங்கியது. தொடுமுனைகளை எண்ணும்போது பக்கம் மாறிவிடக்கூடாது, நாடா அடுத்த முனையில் படக்கூடாது. இவ்விரண்டிலும் அவசரம் உதவாது.

அதன்பின் கார்டின் அமைவுத் திரைக்குச் செல்லும் விசைச் சேர்க்கையை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் இயங்கும் கணினியில் அந்தப் பழைய திரை வராது. மதர்போர்டின் அமைவுப் பக்கத்துக்குள்ளேயே கார்டுக்கென்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கும். அங்கே முதலில் கார்டின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். முந்தைய உரிமையாளரின் அணியில் எழுதப்படாமல் எஞ்சிய கேஷ் தரவைக் கார்டு இன்னும் பிடித்துவைத்திருந்ததால், அதைத் துறக்கச் சொல்லும்வரை புதிய அணியை உருவாக்க அது இடம் தரவில்லை. தன்னிடம் ஒப்படைத்ததை அவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தது எனக்கு அதன் மேல் நம்பிக்கையைத்தான் கூட்டியது.

கேபிளில் ஒரு நாள் வீணானது. கார்டின் ஒரு முனையிலிருந்து நான்கு சாட்டா வன்தட்டுகளுக்குப் பிரியும் கேபிளும், மதர்போர்டின் நான்கு சாட்டா முனைகளிலிருந்து ஒரே முனைக்குச் சேரும் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கம்பிகளின் ஒழுங்கு நேர்மாறானது. என்னிடம் வந்தது இரண்டாவது வகை. எந்த வன்தட்டும் தெரியவில்லை, பிழைச் செய்தியும் இல்லை.

வெப்பம்

அணியைத் தொடக்கநிலைப்படுத்த விட்டு இருபது நிமிடத்தில், கார்டின் முதன்மைச் சிப்பின் வெப்பநிலை 98 பாகை செல்சியஸைத் தொட்டிருந்தது. இத்தகைய கார்டுகளுக்கு நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வீச வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வினாடிக்கு ஒரு மீட்டர் என்று கொள்ளலாம். சர்வரில் முன்னிருந்து பின்னாக வீசும் விசிறி வரிசை இதை எப்போதும் தருவதால், கார்டில் சிறிய வெப்பத்தகடு மட்டுமே உண்டு, விசிறி கிடையாது. மேசைக் கணினியிலோ, கிராபிக்ஸ் கார்டின் அடியில், அது வெளிவிடும் சூட்டுக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையில், அசையாத காற்றில் அந்தக் கார்டு இருந்தது.

எனவே அதை மூன்றாவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன். தடங்களின் எண்ணிக்கைக்காக நான் விலக்கிய ஸ்லாட்டே, வெப்பத்தின் பொருட்டுச் சரியான இடமாக அமைந்தது. அதன் வெப்பத்தகட்டை நோக்கி 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைத் தாங்கியில் பொருத்தி, நேரே 12 வோல்ட் இணைப்பில் கொடுத்தேன். மதர்போர்டின் விசிறி முனையில் கொடுக்காததற்குக் காரணம் உண்டு: அது செயலியின் வெப்பத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரவில் அணி சரிபார்க்கப்படும்போது செயலி ஓய்ந்திருக்கும், கார்டோ முழு வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் விசிறி தணிந்துவிட்டால் பொருத்தியதே வீண். மாற்றிய பிறகு முழு வேலையிலும் 64 பாகையைத் தாண்டவில்லை. சூப்பர் கெபாசிட்டரும் சூட்டில் ஆயுள் குறையும் பொருள் என்பதால், அதன் கேபிள் எட்டும் தொலைவில், முன்விசிறியின் அருகே அதை இடம்மாற்றினேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும் வினாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். ஆறும் ஒன்றாகத் தொடங்கினால் 144 வாட். இரண்டிரண்டாகச் சுழலத் தொடங்கும்படி கார்டில் அமைத்தேன்; கணினி தொடங்கும் நேரம் சற்றே நீண்டது.

கேஷை நம்பலாமா

ரெய்டு 6-இல் சிறிய துண்டு ஒன்றை எழுத, பழைய தரவையும் இரண்டு பாரிட்டிகளையும் படித்து, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். ஆக ஆறு வட்டுச் செயல்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒன்று வினாடிக்கு நூறுக்கும் குறைவான சிதறிய செயல்களையே முடிக்கும். ஆறு வட்டுகள் இருந்தும், வினாடிக்கு ஏறத்தாழ ஒரு வட்டின் அளவே சிறு எழுதுதல்கள் நிறைவேறும் என்று பொருள். கேஷில் ஏற்றவுடனே முடிந்தது என்று சொல்லாமல், வட்டில் எழுதிய பிறகே சொல்லும் ரைட் த்ரூ முறையில் அளந்தபோது 4 கேபி எழுதுதல்கள் வினாடிக்கு 90 அளவில் நின்றன. கேஷில் ஏற்றுக்கொண்டு பிறகு ஒழுங்குபடுத்தி எழுதும் ரைட் பேக் முறையில், கேஷ் நிரம்பாதவரை அது பல ஆயிரமாக உயர்ந்தது. ரெய்டு கார்டின் உண்மையான பயன் அந்த 1 ஜிபி கேஷில்தான் இருக்கிறது. பாரிட்டிக் கணக்கை இன்றைய செயலிகள் எளிதாகச் செய்துவிடும்.

அதனால்தான் கேஷை நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். தரவு எதையும் ஏற்றுவதற்கு முன்பே, எண்ணிட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எழுதி, எழுதி முடிந்தது என்று இயங்குதளம் உறுதிசெய்த ஒவ்வொரு எண்ணையும் வலையமைப்பு வழியாக மற்றொரு கணினியில் பதிவுசெய்யும் சிறிய நிரல் ஒன்றை இயக்கி, இடையில் மின்கம்பியைப் பிடுங்கினேன். திரும்பத் தொடங்கியபோது, கேஷ் ஃபிளாஷிலிருந்து மீட்கப்பட்டதாகக் கார்டின் பதிவு சொன்னது. ஆயினும் மற்றக் கணினியில் பதிவாகியிருந்த எண்களில் சில டஜன் துண்டுகள் வட்டில் இல்லை.

இரண்டு நாள் தேடலுக்குப் பின் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் சொந்தமாக ஒரு சிறிய எழுதும் கேஷ் உண்டு. கார்டின் அமைப்பில் அது வட்டின் இயல்புநிலைப்படி என்று விடப்பட்டிருந்தது, வட்டுகளின் இயல்புநிலையோ அதை இயக்கி வைப்பது. எழுதிவிட்டேன் என்று வட்டு சொன்னதை நம்பிக் கார்டு தன் கேஷிலிருந்து அத்துண்டுகளை நீக்கிவிட்டது. வட்டிடம் இருந்தவை மின்சாரத்தோடு போயின. சூப்பர் கெபாசிட்டர் காப்பது கார்டின் கேஷை மட்டுமே. வட்டுகளின் கேஷை முற்றிலும் நிறுத்தியபின் அதே சோதனையை ஐந்து முறை செய்தேன். ஒரு துண்டும் தவறவில்லை. மொத்தப் பொருத்தலிலும் இந்தச் சோதனையையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இந்தக் குறை வேறெந்த வழியிலும் வெளிப்பட்டிருக்காது. ஒரு மின்தடைக்குப் பிறகு காரணம் தெரியாமல் கெட்டுப்போன கோப்பாகவே அது தலைகாட்டியிருக்கும்.

மூன்றாம் வாரம்

9 டெராபைட் தரவை ஏற்றி, வேலை தொடங்கிய மூன்றாம் வாரத்தில், கார்டின் எச்சரிக்கை ஒலி எழுந்தது. பழைய அணியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று பழுது என்று கார்டு அதை விலக்கியிருந்தது. அந்த வட்டைத் தனியே இணைத்து ஆராய்ந்தபோது, படிக்க முடியாமல் மறுஎழுத்துக்குக் காத்திருக்கும் பகுதி ஒன்றே ஒன்று இருந்தது. மற்றபடி நலமாகவே இருந்தது.

மேசைக் கணினி வகை வன்தட்டு, படிக்க முடியாத ஓரிடம் வந்தால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். தரவின் ஒரே பிரதி தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற எண்ணத்தில் அது அப்படி நடந்துகொள்வது சரியே. ரெய்டுக்கென்று அமைந்த வட்டு ஏறத்தாழ 7 வினாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். கார்டு அந்தத் துண்டைப் பாரிட்டியிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். பதில் வராத வட்டுக்காகக் கார்டு நீண்ட நேரம் காத்திருப்பதில்லை. இறந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறது. வட்டுகளின் நிலையை ஆராயும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் இந்தக் கால வரம்பை மாற்ற முயன்றேன். அந்த வட்டு அந்தக் கட்டளையையே ஏற்கவில்லை. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டை முன்வைத்த கட்டுரையில், அந்தப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தில் மூன்றாம் எழுத்தான ‘ஐ’ விலை குறைந்த என்பதைக் குறித்தது. எந்த மலிவான வட்டும் போதும் என்று அதிலிருந்து நானாக விரித்துக்கொண்ட பொருள் தவறு. பிழையை எப்போது ஒப்புக்கொள்வது என்பதில் வட்டும் கார்டும் உடன்பட வேண்டும்.

ரெய்டு வகைப் புதிய வட்டைப் பொருத்தியதும் மறுகட்டமைப்பு தொடங்கியது. 4 டெராபைட்டை எழுத, வேறு வேலையே இல்லாவிட்டாலும் ஏழரை மணி நேரமாவது வேண்டும். தொகுப்பு வேலையும் நடந்துகொண்டிருந்ததால் 16 மணி நேரம் ஆனது. பதினோராவது மணி நேரத்தில், பழையவற்றில் எஞ்சியிருந்த மற்றொன்றில் மூன்று இடங்கள் படிக்க முடியாமல் போயின. ரெய்டு 5 ஆக இருந்திருந்தால் அந்த மூன்று பட்டைகளின் தரவு அங்கேயே தொலைந்திருக்கும். இரண்டாவது பாரிட்டி இருந்ததால் கார்டு அவற்றைக் கணக்கிட்டு மீட்டது. கட்டமைப்பு முடிந்த கையோடு அந்த வட்டையும் மாற்றினேன்.

அந்த மூன்று இடங்கள் ஏன் அதுவரை கண்ணில் படவில்லை என்ற கேள்வி என்னை உறுத்தியது. ஓய்வு நேரத்தில் வட்டுகளின் முழுப்பரப்பையும் படித்துப் பார்க்கும் ரோந்து வாசிப்பு என்ற வசதி இத்தகைய கார்டுகளில் உண்டு. வாரம் ஒருமுறை தானாக இயங்குவது வழக்கம். இந்தக் கார்டில் முந்தைய உரிமையாளர் அதைக் கைமுறைக்கு மாற்றியிருந்தார், அந்த அமைப்பு கார்டின் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. பயன்படுத்தப்பட்ட கார்டை வாங்கியதும் நான் முதலில் செய்திருக்க வேண்டியது தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புவது. இப்போது ரோந்து வாசிப்பு வாரந்தோறும், பாரிட்டிச் சரிபார்ப்பு மாதந்தோறும் நடக்கின்றன. வட்டு விலகினாலோ கெபாசிட்டர் தளர்ந்தாலோ மின்னஞ்சல் வருகிறது. கணினியை உறக்க நிலைக்கு அனுப்பினால் கார்டு விழித்தெழாமல் தொகுதி காணாமற்போனதால், அந்த வசதியை இரண்டு இயங்குதளங்களிலும் நிறுத்திவிட்டேன்.

கார்டே இறந்தால்

காப்புப் பிரதி தனி வட்டுகளில், கணினிக்கு வெளியே, வாரந்தோறும் எடுக்கப்படுகிறது. தவறுதலாக அழித்த கோப்பையோ கெட்டுப்போன மின்வழங்கியையோ ரெய்டு 6 கண்டுகொள்ளாது என்பதால், அதில் எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் கார்டு பழுதானால் 9 டெராபைட்டையும் காப்புப் பிரதியிலிருந்து மீட்க நாட்கணக்கில் ஆகும். அணியின் அமைப்பு விவரம் ஒவ்வொரு வட்டிலும் எழுதப்பட்டிருப்பதால், அதே குடும்பக் கார்டு மற்றொன்றால் அதைப் படித்து ஏற்றுக்கொள்ள முடியும்; வேறு தயாரிப்பாளரின் கார்டால் பொதுவாக முடியாது. ஆகவே அதே மாதிரியில் இரண்டாவது கார்டு ஒன்றை வாங்கி, அதே ஃபர்ம்வேரை ஏற்றினேன்.

ஏழாவது வாரத்தில், காப்புப் பிரதி முழுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முதல் கார்டைக் கழற்றி இரண்டாவதைப் பொருத்தினேன். வேற்று அமைப்பு கண்டறியப்பட்டது என்று அது அறிவித்தது; இறக்குமதிக்கு ஒப்புதல் தந்த சில வினாடிகளில் தொகுதி தோன்றியது. இரவு முழுவதும் ஓடிய சரிபார்ப்புத் தொகை ஒப்பீட்டில் எல்லாக் கோப்புகளும் பொருந்தின. காலையில் முதல் கார்டை மீண்டும் பொருத்தி, கணினியைத் தொகுப்பாளரிடம் ஒப்படைத்தேன். இரண்டாவது கார்டு, பி5, பி6 முனைகளில் ஒட்டிய நாடாவோடு, நிலைமின் தடுப்பு உறையில் அலமாரியில் இருக்கிறது.